ஏசி அறையில் யாருடைய மூச்சை இழுக்கிறோம்? மழைக்கால வைரஸும் மூடிய ஜன்னல்களும்

ஐப்பசி பிறந்ததும் சென்னை ஆபீஸ்களில் அந்தப் பழகிய வரிசை தொடங்கிவிடும். முதலில் ஒருவருக்குத் தொண்டைக் கரகரப்பு. இரண்டு நாளில் பக்கத்து சீட்காரருக்கு இருமல். அடுத்த வாரம் டீமில் பாதிப் பேர் லீவு. மீதிப் பேர், "லேசா உடம்பு சரியில்ல, ஆனா வந்துட்டேன்" ரகம். "சீசன்ங்க, எல்லாருக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டு கஷாயம், ஆவி பிடித்தல், பாராசிட்டமால் என அவரவர் வழியில் சமாளிக்கிறோம்.

இத்தனை பேரும் ஒரே நேரத்தில் படுப்பதற்கு, அவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று காரணமாக இருக்கலாம். அந்த அறையின் காற்று. கேன் தண்ணீரில் லேசாக வாடை வந்தாலே அட்மினுக்கு மெயில் போடுகிறோம். எட்டு மணி நேரம் இழுத்து விடும் காற்று எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நம்ம ஊர்ல ஏதுங்க குளிர்காலம்?

நியாயமான கேள்விதான். குளிர் நாடுகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஃப்ளூ உச்சத்துக்குப் போவதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். வறண்ட குளிர்காற்றில் இன்ஃப்ளூயன்சா வைரஸ் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பது ஒன்று. குளிருக்குப் பயந்து எல்லோரும் கதவை மூடிக்கொண்டு ஒரே கூரையின் கீழ் இருப்பது இன்னொன்று.

இந்தியாவில் இந்தக் காலண்டர் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஸ்ரீநகரில் ஃப்ளூ உச்சம் தொடுவது ஜனவரி முதல் மார்ச் வரையிலான குளிரில். சென்னை, வேலூரில் அக்டோபர், நவம்பரில். அதாவது வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து. வெளிக்காற்றில் ஈரம் சொட்டும் மாதங்கள் இவை. வறண்ட காற்று என்ற விளக்கம் இங்கே அப்படியே பொருந்தாது.

ஆனால் இரண்டாவது காரணம் அச்சு அசலாகப் பொருந்தும். சாரல் அடிக்கிறது, ஜன்னலை மூடு. கொசு வருகிறது, சாயங்காலம் ஆறு மணிக்கே மூடு. ஏசி ஓடுகிறது, கதவையும் மூடு. காஷ்மீரில் குளிர் செய்யும் வேலையை இங்கே மழையும் கொசுவும் ஏசியும் சேர்ந்து செய்கின்றன.

சாம்பிராணிக் கணக்கு

காற்றில் வைரஸ் எப்படிப் பயணிக்கிறது என்று புரிந்துகொள்ள, வீட்டில் சாம்பிராணி போடும் நாளை நினைத்துப் பாருங்கள். பூஜை அறையில் போட்ட புகை கொஞ்ச நேரத்தில் ஹாலுக்கு வரும். ஜன்னல் மூடியிருந்தால் மணிக்கணக்கில் நிற்கும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் கலைந்து போகும்.

நாம் மூச்சு விடும்போதும் பேசும்போதும் பாடும்போதும் இருமும்போதும் வெளிவரும் துளிகள் பல அளவுகளில் இருக்கின்றன. பெரியவை சீக்கிரம் தரையில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் புகை மாதிரி மிதக்கும். தொற்று உள்ளவர் அறையை விட்டுப் போன பிறகும் அவை அங்கே இருக்கலாம். கொரோனா, ஃப்ளூ, தட்டம்மை எல்லாமே இந்த வழியில் பரவக்கூடியவை.

இது உலகம் சுலபமாக ஒப்புக்கொண்ட விஷயம் இல்லை. 2020 மார்ச் 28 அன்று, கொரோனா காற்றில் பரவாது என்று உலக சுகாதார நிறுவனமே ட்வீட் போட்டது. அந்த ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் இருவரும் எழுதிய கட்டுரையை 239 விஞ்ஞானிகள் ஆதரித்தார்கள்: காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுங்கள் என்பதுதான் கோரிக்கை. 2024 ஏப்ரலில், நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, 'காற்றின் வழியே பரவுதல்' என்பதற்கான பொது வரையறையை அதே நிறுவனம் வெளியிட்டது. இடையில் நான்கு ஆண்டுகள். அதற்குள் நம் தலையில் ஆழமாகப் பதிந்துபோனது சானிடைசரும் ஆறடி இடைவெளியும்தான்.

கை கழுவுவது வீண் என்று யாரும் சொல்லவில்லை. வேறு பல தொற்றுகளுக்கு அது அவசியம். ஆனால் மூடிய அறையில் மிதக்கும் வைரஸை சோப்பு தொடவே முடியாது.

ஸ்ப்ளிட் ஏசி செய்வதும் செய்யாததும்

பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்: சுவரில் மாட்டியிருக்கும் சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப விடுகிறது. வெளியே இருக்கும் யூனிட்டுக்குப் போவதும் வருவதும் குளிரூட்டும் வாயு மட்டுமே. உள்ளே இருக்கும் வலை தூசியைப் பிடிக்கும். வைரஸைச் சுமக்கும் நுண்துளிகள் அதில் பெரும்பாலும் நிற்காது.

ஜில்லென்று இருப்பதால் 'ஃப்ரெஷ்ஷாக இருக்கு' என்று தோன்றும். குளிர்ச்சி வேறு, புத்தம்புதுக் காற்று வேறு.

இதன் விலை என்ன என்பதை சீனாவின் குவாங்சோ நகரில் ஒரு உணவகம் காட்டியது. 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் மதிய உணவு. ஜன்னல் இல்லாத மாடி, ஏசி ஓடுகிறது, எக்ஸாஸ்ட் ஃபேன்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள். ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்தது. கடைசியில் அந்த மூன்று குடும்பங்களில் சேர்த்து 10 பேருக்கு கொரோனா. அதே மாடியில் வேறு மேசைகளில் இருந்தவர்களுக்கு வரவில்லை. அந்த மூன்று மேசைகளும் ஒரே ஏசியின் காற்றுச் சுழலுக்குள் இருந்தன.

ஆராய்ச்சியாளர்கள் பிறகு அங்கே அளந்து பார்த்தபோது, ஒரு ஆளுக்கு நொடிக்கு சுமார் 1 லிட்டர் வெளிக்காற்றுதான் கிடைத்திருக்கிறது என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த குறைந்தபட்ச அளவு ஒரு ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர். பத்தில் ஒரு பங்கு.

நம் ஊரில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, கண்ணாடிக் கதவு போட்டு, நான்கு ஸ்ப்ளிட் ஏசி மாட்டி நடத்தும் ஆபீஸ்கள் எத்தனை? கோச்சிங் சென்டர்கள் எத்தனை? பி.ஜி. ஹாஸ்டல் அறைகள் எத்தனை? குவாங்சோ அவ்வளவு தூரத்தில் இல்லை.

காற்று கெட்டிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

வைரஸை அளக்கும் கருவி நம் கையில் இல்லை. ஆனால் மூச்சை அளக்கலாம். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம். நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 40,000 பிபிஎம். அறைக்குள் இந்த எண் ஏற ஏற, அடுத்தவர் விட்ட மூச்சு அங்கேயே தங்குகிறது என்று அர்த்தம்.

கணக்கு ரொம்ப எளிது. மீட்டர் 1,200 காட்டினால், நீங்கள் இழுக்கும் 50 மூச்சில் ஒன்று ஏற்கெனவே யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய் வந்தது. 2,400 காட்டினால் 20க்கு ஒன்று. பொதுவாக 800க்குள் இருந்தால் நல்ல காற்றோட்டம். 1,500ஐத் தாண்டினால் ஜன்னலைத் திறக்க இன்னும் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. மதியம் மூன்று மணி மீட்டிங்கில் வரும் அந்தத் தூக்கத்துக்கும் தலைபாரத்துக்கும் சாப்பாடு மட்டும் காரணமாக இருக்காது.

மீட்டர் வாங்கும்போது 'என்டிஐஆர்' சென்சாரா என்று பாருங்கள். மலிவான போலிகள் வேறு வாயுக்களை அளந்து ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். மொட்டை மாடிக்கு எடுத்துப்போங்கள். 420க்குப் பக்கத்தில் காட்டினால் நம்பலாம். ஆளுக்கொன்று தேவையில்லை. ஒரு ஆபீஸுக்கு ஒன்று இருந்தால் அறை அறையாக எடுத்துப்போய்ப் பார்த்துவிடலாம்.

வீட்டில் என்ன பண்ணலாம்?

ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கிறார்கள் என்றால், இந்த வரிசையில் போங்கள்.

*எதிரெதிராகத் திறங்கள்.* ஒரு ஜன்னலை மட்டும் அகலத் திறப்பதை விட, எதிர் எதிரே இரண்டைப் பாதி பாதி திறப்பது நல்லது. காற்றுக்கு உள்ளே வரவும் வழி வேண்டும், வெளியே போகவும் வழி வேண்டும்.

*எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள்.* சமையலறை, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஓடினால் வீட்டுக் காற்றை வெளியே தள்ளும். வேறெங்காவது ஒரு ஜன்னல் கொஞ்சமாவது திறந்திருந்தால்தான் அது வேலை செய்யும். எக்ஸாஸ்ட் இல்லையா? நோயாளியின் அறை ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள்.

*சீலிங் ஃபேனை மட்டும் நம்பாதீர்கள்.* எல்லாம் மூடிய அறையில் அது இருக்கும் காற்றைக் கலக்கும், அவ்வளவுதான்.

*ஏசி போட்டே ஆகணுமா?* போடலாம். 2020 ஏப்ரலில் இந்திய ஏசி பொறியாளர்களின் அமைப்பான இஷ்ரே சொன்ன வழி இதுதான்: வெப்பநிலை 24 முதல் 30 டிகிரி, ஈரப்பதம் 40 முதல் 70 சதவீதம், ஏசி ஓடும்போதே ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். கரன்ட் பில் கொஞ்சம் கூடும், உண்மைதான். காய்ச்சல் இருக்கும் அந்த ஒரு வாரத்துக்கு மட்டுமாவது செய்யலாம்.

*கொசு?* இதைத் தட்டிக்கழிக்க முடியாது. காய்ச்சல் சீசன்தான் டெங்கு சீசனும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். அதனால் 'ஜன்னலைத் திற' என்று சொல்வதற்கு முன் 'வலை அடி' என்று சொல்லியாக வேண்டும். வலை காற்றைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் மூடிய கண்ணாடியோடு ஒப்பிட்டால் அது பெரிய நஷ்டமில்லை. வலையில் படிந்த தூசியை அடிக்கடி தட்டி எடுங்கள். அடைத்துப்போன வலையும் மூடிய ஜன்னலும் ஒன்றுதான்.

*ஏர் ப்யூரிஃபையர் உதவுமா?* ஹெப்பா ஃபில்டர் இருந்தால் உதவும். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதுதான் அதற்கான தகுதி. பெட்டியில் 'சிஏடிஆர்' என்ற எண்ணைப் பாருங்கள். மணிக்கு எத்தனை கனமீட்டர் சுத்தமான காற்று தருகிறது என்பதுதான் அது. 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கனமீட்டர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2023 முதல் சொல்லும் இலக்கு, மணிக்கு 5 முறை காற்று மாறுவது. அப்படியென்றால் உங்கள் அறைக்கு சிஏடிஆர் 170 வேண்டும். சத்தத்துக்குப் பயந்து 'ஸ்லீப் மோட்'டில் ஓட்டினால் இந்த அளவு கிடைக்காது. ப்யூரிஃபையர் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது என்பதும் நினைவிருக்கட்டும். மீட்டர் எண் இறங்கவில்லை என்று பதற வேண்டாம்.

டெல்லி, குருகிராமில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் புகைமூட்டம் உள்ளே வரும். அங்கே ஹெப்பாவுக்குத்தான் முதலிடம்.

*நேரத்தையும் கணக்கில் எடுங்கள்.* மணிக்கு 2 முறை காற்று மாறும் அறையில், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 138 நிமிடங்கள் ஆகும். மணிக்கு 6 முறை மாறினால் 46 நிமிடங்கள் போதும். நோயாளி இருந்த அறைக்குள் உடனே பாட்டியைப் படுக்க வைக்க வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம்.

கேப், பஸ், க்ளினிக்

ஷேர் கேபில் ஏறினால் டிரைவர் அண்ணாவிடம் கேட்டு ரீசர்குலேஷன் பட்டனை ஆஃப் செய்யச் சொல்லுங்கள். காருக்குள் அம்புக்குறி வளைந்து சுற்றுவது போல் படம் போட்ட பட்டன் அது. ஆஃப் செய்தால் ஏசி வெளிக்காற்றை இழுக்கும். மழை இல்லையென்றால் இரண்டு ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கினாலே நிலைமை மாறும்.

காற்றை மாற்றவே முடியாத இடத்தில்தான் மாஸ்க். க்ளினிக் வெயிட்டிங் ரூம், நிரம்பி வழியும் ஏசி பஸ் போன்ற இடங்களில் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 நன்றாக உதவும். காதில் தொங்கும் தொளதொள மாஸ்க் அந்த அளவுக்கு உதவாது. வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இருந்தால், ஃப்ளூ தடுப்பூசி பற்றி மழைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆபீஸில் ஜன்னலே இல்லையே?

இதுவரை சொன்னதெல்லாம் நம் கையில் இருப்பவை. இனி சொல்லப்போவது நம் கையில் இல்லாதது. உண்மையில் பேச வேண்டியதும் அதுதான்.

சென்ட்ரல் ஏசி உள்ள பெரிய கட்டடங்களில் வெளிக்காற்றை இழுக்கும் வசதி இருக்கும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ஃபெசிலிட்டி டீம். வெளிக்காற்று கூடினால் அதைக் குளிரவைக்க மின்சாரமும் கூடும். அதனால் அந்தத் தடுப்பைக் குறைத்து வைக்கும் ஆசை எந்தக் கட்டடத்துக்கும் வரலாம். பத்தாவது மாடியில் லேப்டாப் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரிய வழியில்லை.

அவருக்காவது வொர்க் ஃப்ரம் ஹோம் என்று ஒரு வழி இருக்கும். அதே காற்றில் நாள் முழுக்க நிற்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் செக்யூரிட்டி அண்ணாவுக்கும் அதுவும் இல்லை. தண்ணீர் கெட்டிருந்தால் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவரலாம். காற்றைக் கொண்டுவர முடியுமா? அதனால்தான் காற்றோட்டத்தைத் தனிமனிதர்களின் ஜாக்கிரதைக்கு விட்டுவிட முடியாது. அறையைக் கட்டுப்படுத்துபவரிடம்தான் பொறுப்பும் இருக்க வேண்டும்.

முடியாத காரியம் இல்லை இது. ஜப்பான் 1970இலேயே பெரிய கட்டடங்களின் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்டது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகம், கடை போன்ற கட்டடங்களுக்குள் கார்பன் டை ஆக்சைடு 1,000 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. கொரோனா வருவதற்கு 50 ஆண்டுகளுக்கு முன்பு. நம் நகரங்களில் லிஃப்ட்டுக்கு லைசென்ஸ் கேட்கிறோம், தீயணைப்புத் துறையிடம் சான்றிதழ் கேட்கிறோம். நூறு பேர் மூச்சு விடும் அறையின் காற்றுக்கும் ஒரு எண்ணைக் கேட்டால் என்ன?

இன்னொன்று, லீவு. காய்ச்சலோடு வருபவரை 'டெடிகேஷன்' என்று பாராட்டும் ஆபீஸ்கள் இன்னும் இருக்கின்றன. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு தருகிறது. அதை எடுப்பவரை ஏதோ சலுகை வாங்கியவர் மாதிரிப் பார்ப்பது, டீம் முழுவதும் படுப்பதற்கு மேனேஜரே போடும் பாதை. தினக்கூலிக்கும் டெலிவரி வேலைக்கும் இந்தப் பாதுகாப்புகூட நடைமுறையில் எட்டுவதில்லை. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் வருமானம் போகும். 'உடம்பு சரியில்லனா வீட்ல இருங்க' என்ற அறிவுரை அவர்களிடம் செல்லாது.

பழைய கட்டடங்களுக்குத் தெரிந்தது

பெருவின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளின் 70 அறைகளில் காற்றோட்டத்தை அளந்து 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்தால் மணிக்கு சுமார் 28 முறை காற்று மாறியது. எந்திரக் காற்றோட்டம் கொண்ட, காசநோய்க்கான தனி அறைகளுக்குக் கிடைப்பது 12 முறைதான். எல்லாவற்றையும் விட நன்றாக இருந்தவை 1950க்கு முன் கட்டிய, உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் உள்ள பழைய வார்டுகள்.

இதைப் படிக்கும்போது நம் ஊர்ப் பழைய வீடுகளும் பள்ளிக்கூடங்களும் நினைவுக்கு வராமல் போகாது. முற்றம், உயர்ந்த கூரை, சுவரின் உச்சியில் கயிறு கட்டித் திறக்கும் வென்டிலேட்டர். சூடான காற்று மேலே ஏறி அதன் வழியே வெளியேறும், கீழ் ஜன்னல் வழியே புதுக்காற்று வரும். ஏசி வந்ததும் பல இடங்களில் அந்த வென்டிலேட்டரில் தெர்மாகோலை வைத்து அடைத்துவிட்டோம். எடுத்துப் பார்க்கலாம்.

திங்கள்கிழமை கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

உங்கள் ஆபீஸ் அட்மினுக்கோ ஹெச்ஆருக்கோ ஒரு மெயில் போதும். சண்டை வேண்டாம், கேள்விகள் போதும்.

ஒன்று: நம் தளத்துக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு வெளிக்காற்று வருகிறது?

இரண்டு: மீட்டிங் ரூமில் ஆள் நிரம்பியிருக்கும்போது கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு? அளந்து கதவில் ஒட்டுவீர்களா?

மூன்று: ஏசி ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, அது எந்தத் தரம்?

நான்கு: காய்ச்சல் என்றால் ஒப்பந்த ஊழியர்கள் உட்பட எல்லோரும் சம்பளம் வெட்டப்படாமல் வீட்டில் இருக்க முடியுமா?

முதல் மெயிலுக்குப் பதில் வராமல் போகலாம். பத்துப் பேர் கையெழுத்தோடு இரண்டாவது மெயில் போனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கேன் தண்ணீருக்கும் நாம் அப்படித்தான் கேட்டு வாங்கினோம்.